கையால் இழுத்த படகு

பறவை பார்க்கக் காலையில் வந்து மாலையில் திரும்புகிற சுற்றுலாச் சனத்துக்குப் பொறுமை கிடையாது. வெயில் ஏறுமுன் பார்க்க வேண்டும், பசிக்குமுன் கரை சேர வேண்டும். பனிச்சங்கேணிக் களப்பில் படகு ஓட்டும் வினாயகமூர்த்திக்கு இது தெரியாததல்ல. ஆனாலும் பறவைத் திட்டுக்கு அவர் மட்டும் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறவர். மற்றவர்கள் கண்டல் மரங்களுக்கு நடுவே ஓடும் ஓடையால் நிழலில் போய்விடுவார்கள். அவரால் முடியாது. சுனாமியில் போன மகள் இராசாத்தியின் சட்டை அந்த ஓடையோரக் கண்டல் வேர்களில்தான் கிடைத்தது. பிள்ளை கிடைக்கவேயில்லை. அவருக்கு அந்தத் தண்ணீர்தான் அவளுடைய புதைகுழி. பெற்றவன் அதன்மேல் படகு விடுவானா?

"அண்ணே, உங்கட படகில போன சனம் வெயிலில காய்ஞ்சு வந்து ஏசிற்றுப் போகுது," என்றார் படகுச் சங்கத் தலைவர் உதயரூபன். "இண்டைக்கும் சுத்திக் கிறுகிப் போனா, மறுகா உங்களுக்கு முறை தர ஏலா."

படகு நின்றால் வீட்டில் அடுப்பு நின்றுவிடும். கண்டியிலிருந்து வந்த ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி படகை ஓடைக்குள் திருப்பினார்.

உள்ளே போனதும் எஞ்சினை நிறுத்திவிட்டார். கம்பை ஊன்றவும் மனம் வரவில்லை, பிள்ளையில் குத்திவிடுமோ என்று பயம். வேர்களைக் கையால் பற்றிப் பற்றிப் படகை இழுத்தார். தண்ணீரைக் குனிந்து பார்க்கவேயில்லை.

வந்தவர்களுக்கோ தலைகால் புரியாத சந்தோசம். சத்தமேயில்லாமல், நிழலில், இப்படி ஒரு பயணமா! தங்களுக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறார் என்று நினைத்தார்கள். கரைக்கு வந்ததும் உதயரூபனிடம் வாயாரப் புகழ்ந்தார்கள்.

"பாத்தீங்களா அண்ணே! இனி இப்பிடியே செய்யுங்க. மத்தவங்களுக்கும் பழக்கிவிடுங்க," என்று உதயரூபன் அவர் தோளில் தட்டினார். வினாயகமூர்த்தி படகைக் கட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் மனைவி புஸ்பம் சோறு போட்டாள். அவர் கை வைக்கவில்லை.

"புள்ளைக்கு மேலால போயிற்றன் புஸ்பம்."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"படகில சின்னப் புள்ளையள் இருந்ததா?"

"ஓம். ரெண்டு பேர். போற வழி முழுக்கச் சிரிப்பு."

"அப்ப அவளுக்கும் விளையாட்டுப் பிராக்கா இருந்திருக்கும்," என்றாள் புஸ்பம். சொல்லி முடிக்குமுன்பே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார்.