வெட்டுவதற்கு முந்தைய வரி

1

இந்தக் கதை பயத்தில் பிறந்தது. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினேன். இடக்கையில் நடுவே, தசையை எலும்போடு இணைக்கும் நாண் ஒன்று கயிறுபோலப் புடைத்தது. வலக்கையில் ஒன்றுமே இல்லை. பதறிப்போய், அறுவை மருத்துவரான என் அக்காவிடம் காட்டினேன்.

"நிறையப் பேருக்கு அது இருக்காதுடா. இல்லாட்டியும் கை நல்லாத்தான் மடங்கும்," என்றாள். என் கையைக் கீழே வைத்துவிட்டு, "அது இருக்குன்னு நெனச்சு கீறற டாக்டருங்களுக்குத்தான் ஆபத்து," என்றாள்.

அப்படிக் கீறியது யார் என்று நான் கேட்கவில்லை.

2

முதல் தொடக்கம்: மணிக்கட்டையும் விரல்களையும் மடக்கும் தசைகள் முன்கையின் உட்புறத்தில் அடுக்கடுக்காக— (பாடப்புத்தகம். அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: சலூன்காரரின் வலது மோதிரவிரலை மடக்கும் நாண் கண்ணாடி கிழித்து அறுந்திருந்தது. மணிக்கட்டில் உபரியாக ஓடும் நாணை எடுத்து அங்கே ஒட்டுப்போட வேண்டும்.

"கத்தரி புடிக்கிற கை, டாக்டரம்மா. பாத்துச் செய்யுங்க."

விறைத்துப்போன வலக்கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒன்றோடொன்று சேரவில்லை. டாக்டரம்மா இடக்கையை மடக்கிக் காட்டச் சொன்னாள். நாண் புடைத்தது. இருக்கிறது என்று குறித்துக்கொண்டாள்.

(இங்கேயே அவளைத் தடுத்திருக்க வேண்டியவன் நான். கதை நகரட்டும் என்று விட்டுவிட்டேன்.)

3

கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறார்கள். திரைத்துணிக்கு அந்தப் பக்கம் அவர் விழித்திருக்கிறார். கீறிய இடத்தில் வெள்ளையாக ஒன்று தெரிகிறது. கத்தரியை அதன்மேல் வைத்த பிறகுதான், தான் சோதித்தது இடக்கை என்பது டாக்டரம்மாவுக்கு உறைத்தது. உபரி நாண் இல்லாத கையில் அந்த இடத்தில் கிடைப்பது விரல்களுக்கு உணர்வு தரும் நரம்பு. அதை வெட்டினால், கத்தரியைப் பிடித்திருப்பதே அவர் விரல்களுக்குத் தெரியாது.

முழங்கைப் பக்கமாக இன்னும் மேலே கீறி, இது நாணைப் போலத் தசையில் போய் முடிகிறதா என்று பார்க்கலாம். ஆனால் எதிரே நர்ஸ் நிற்கிறாள். "எதுக்கு டாக்டர் இவ்ளோ பெருசா?" என்று கேட்பாள். எந்தக் கையைச் சோதித்தோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும்.

4

முடிவு ஒன்று: கீறிப் பார்க்கிறாள். நரம்புதான். அதைத் தொடாமல் விட்டு, காலையும் மரக்கவைத்து அங்கிருந்து வேறு நாண் எடுக்கிறாள். (எனக்குப் பிடித்தது இதுதான். பயந்துபோன மனிதர்கள் இப்படிச் செய்வார்கள் என்று சத்தியம் பண்ணத்தான் எனக்குத் துணிச்சலில்லை.)

முடிவு இரண்டு: அவள் வெட்டி—

மூன்று முறை எழுதி மூன்று முறை அடித்தேன். எனக்காவது எழுதியதை அடித்துவிட முடிகிறது.

5

"என்ன டாக்டரம்மா, சத்தத்தையே காணோம்?" என்கிறார் சலூன்காரர். "கை நல்லாத்தான இருக்கு?"

இதற்குமேல் நான் எழுதமாட்டேன். அவருக்குப் பதிலை நீங்கள் சொல்லுங்கள். திரைத்துணியை விலக்கி, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.