வெள்ளிக்கிழமை நடுக்கம்

எங்கள் பஸ் டிப்போவில் குனிமித்சு மட்டும் மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கும் முன் மடிக்கணினியைத் திறப்பான். ஹொக்கைடோ தீவின் கடலோரத்தில் ஒரு சின்னத் துறைமுகம் எங்கள் ஊர். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பின்னால், கம்பி வேலிக்குள், நிலநடுக்கம் அளக்கும் கருவி ஒன்று இருக்கிறது. இந்த மாதிரிக் கருவிகள் நாடு முழுக்க உண்டு. அவை பதிவதையெல்லாம் இணையத்தில் போட்டுவிடுகிறார்கள். பெயரைப் பதிந்துகொண்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

குனிமித்சு ஓட்டுவது மலையை ஒட்டிய தடம். வசந்தத்தில் வந்த ஒரு நடுக்கத்தில் அவன் பஸ்ஸுக்கு முன்னால் பாறை உருண்டு விழுந்தது. அன்றிலிருந்து இந்தக் கருவி பதியும் கோடுகளைப் பார்க்காமல் அவனுக்குச் சோறு இறங்குவதில்லை.

செப்டம்பரில் ஒருநாள் என்னைக் கூப்பிட்டான்.

"இங்க பாரு. செவ்வாய், வெள்ளி சாயங்காலம் மட்டும் நடுங்குது. அதுவும் தாளம் போட்ட மாதிரி."

"பூமிக்குக் கிழமை தெரியுமா?"

"தெரியாது. அதான் பயமா இருக்கு."

பக்கத்து ஊர்க் கருவியின் பதிவையும் இறக்கிப் பார்த்தான். அங்கே ஒன்றும் இல்லை. அப்படியானால் நடுங்குவது எதுவோ, அது பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு போனான். கூடத்தின் ஜன்னலில் எட்டிப் பார்த்தோம். மீனவர் கூட்டுறவில் கணவாய் மீன் சுத்தம் செய்யும் பெண்கள், ஒரு நீளக் கயிறு சுழலச் சுழல எல்லாரும் ஒன்றாகக் குதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில், தலையில் துண்டு கட்டிக்கொண்டு, குனிமித்சுவின் மனைவி சவாகோ.

"என்கிட்ட பூ அலங்கார வகுப்புன்னு சொன்னா," என்றான் மெதுவாக. "வீட்டுக்கு ஒரு பூ கூட வரலயேன்னு நான் யோசிச்சிருக்கணும்."

விஷயம் புரிந்துவிட்டது. அக்டோபரில் ஊர் விளையாட்டு விழா. நீளக் கயிறாட்டத்தில் கயிறு காலில் தட்டாமல் அதிகம் குதிக்கும் அணிக்கு ஒரு பெட்டி நண்டு. வருஷா வருஷம் எங்கள் டிப்போ அணிதான் வாங்கும். கூட்டுறவுப் பெண்கள் இரண்டாவதாக வருவார்கள். இந்த வருஷம் ரகசியமாகத் தயாராகிறார்கள்.

குனிமித்சு வீட்டில் வாயே திறக்கவில்லை. பதிவை மட்டும் இறக்கிக்கொண்டே இருந்தான். கோட்டில் முள் மாதிரி எழும் ஒவ்வொன்றும் ஒரு குதிப்பு. முட்கள் நின்றால் கயிறு தட்டிவிட்டது என்று அர்த்தம்.

"இருபத்தஞ்சத் தாண்டல," என்று அறிவித்தான்.

நாங்கள் நாற்பது குதிப்போம். அதனால் பயிற்சியை விட்டுவிட்டு பீர் குடித்தோம். எங்கள் அணியின் ஹிரோத்தாவுக்கு வாய் சும்மா இருக்காது. அவன் தன் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிச் சிரித்தான். அவள் சவாகோவுக்கு அடுத்த மேசையில் கணவாய் நறுக்குகிறவள்.

அந்த வாரத்திலிருந்து முட்கள் குறைந்துகொண்டே போயின. பதினெட்டு, பதினைந்து.

"பாவம் அவங்க, குனி அண்ணே," என்றான் ஹிரோத்தா. "நம்மள நெனச்சே கால் நடுங்குது போல."

விழாவன்று முதலில் நாங்கள் குதித்தோம். முப்பதைத் தாண்டியதும் எனக்கு மூச்சு வாங்கியது, ஹிரோத்தாவின் தொப்பை கயிற்றில் மாட்டியது. அப்புறம் பெண்கள் இறங்கினார்கள். முப்பது போனது, நாற்பது போனது. திடலில் இருந்த ஜனமெல்லாம் சேர்ந்து எண்ணியது. ஐம்பதுக்கு மேல் போய், போதும் என்று அவர்களாகவே நிறுத்தினார்கள்.

சவாகோ துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேராகக் குனிமித்சுவிடம் வந்தாள்.

"என்ன குனிசான், பூ அலங்காரம் எப்படி?"

"பள்ளிக்கூடத்துல பதினஞ்சுதானே குதிச்சீங்க?"

"அது உங்களுக்காகக் குதிச்சது. பாக்கறதுக்கு ஏதாவது வேணுமில்ல?"

"அப்ப நெஜமாப் பழகுனது எங்க?"

"மீன் சந்தைல. நீங்க எட்டிப் பாக்கறீங்கன்னு தெரிஞ்சதும் நானும் பேரப் பதிஞ்சுக்கிட்டேன். எல்லாருக்கும் பொதுவாத் தொறந்து வெச்சிருக்கறதுதானே, உங்க வீட்டுச் சொத்தா? எங்க குதிச்சா கோட்டுல விழாதுன்னு ஊர் பூரா குதிச்சுப் பாத்தோம். கோயில் முற்றத்துல கூட லேசாத் தெரிஞ்சுது. சந்தைல குதிச்சா சுத்தமா ஒண்ணுமில்ல."

அவன் காது சிவந்தது. இப்போது சண்டைதான் என்று நான் நினைத்தேன்.

"நீயே இறக்கிப் பாத்தியா?" என்றான்.

"பின்ன யாரு?"

"கோட்டுல கலக்கற கடலலை இரைச்சல எப்படி வடிகட்டுன? காத்தடிக்கற நாள்ல எனக்கு ஒண்ணுமே புரியறதில்ல."

"அதுக்கு ஒரு வழி இருக்கு. ஆனா நீங்க தோத்தவரு. கெஞ்சிக் கேக்கணும்."

அங்கேயே, ஊர் பார்க்க, குனிந்து வணங்கிக் கேட்டான். பெண்கள் கைதட்டினார்கள்.

கூட்டுறவுக் கொட்டகையில் நண்டு வெந்தது. எங்களையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். குனிமித்சுவும் சவாகோவும் மட்டும் சாப்பிட வரவில்லை. ஒரு மூலையில் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு, மடிக்கணினியை நடுவில் வைத்துக்கொண்டு, தலை முட்ட உட்கார்ந்திருந்தார்கள். சவாகோ விரலால் திரையைத் தட்டி ஏதோ திட்டினாள். அவன் சின்னப் பையன் மாதிரி தலையாட்டினான்.

"அவங்க பங்கை எடுத்து வைக்கணுமா?" என்றான் ஹிரோத்தா, வாய் நிறைய நண்டோடு.

"வேணாம், சாப்பிடு," என்றேன். "இப்போதைக்கு வர மாட்டாங்க."