பாதியாக்கக் கூடாத எண்கள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒரு பிளக்கிலிருந்து வந்தது. என் அக்கா வீட்டுக் கூடத்தில், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுவர்ப் பிளக். அத்தான் இறந்து இரண்டு வாரம் கழித்து அக்கா அதைக் காட்டிச் சொன்னாள்:

"நான்தாண்டா பிடுங்கினேன். அவர் சட்டைக்கு இஸ்திரி போடணும்னு, அவர் சைக்கிள் சார்ஜரை எடுத்துட்டு இஸ்திரிப் பெட்டியைச் சொருகினேன். சிவப்பு எரிஞ்சுதா பச்சை எரிஞ்சுதான்னு பாக்கவே இல்ல. அரைகுறையா ஏத்தி அனுப்பிட்டேன்."

நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். "காபி குடிக்கிறியாக்கா?" என்றேன். அவள் வீட்டில், அவள் அடுப்பில், அவள் பாலில்.

ஏழு மாதம் ஆகிறது. அந்தக் காபிக்குப் பதிலாகச் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம்தான் இந்தக் கதை. ஒரு வாக்கியத்துக்கு இத்தனை பக்கமா என்றால், என்ன செய்ய, நான் நேராக நடந்து பழகாத ஆள்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

ஒன்று: "ஒரே ஆண்டில் பதினோரு சைக்கிள்களுக்கு உயிர் கொடுத்த அந்த மாமனிதன்"

[அடித்துவிட்டேன். பதினொன்று இல்லை, ஐந்து. ஆறாவதுக்கு மோட்டார் மட்டும் வாங்கி வைத்திருந்தேன், ஆகவே ஐந்தரை. மாமனிதனைப் பற்றி மனைவியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.]

இரண்டு: "மின்சாரம் என்பது யாதெனில்"

[இதுவும் போயிற்று. யாதெனில் என்று தொடங்கிய எதையும் நான் முடித்ததில்லை.]

மூன்று: "காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு போன்"

[இதை அடிக்கவில்லை. முடிக்கவும் முடியவில்லை. இங்கேயே கிடக்கட்டும், திரும்பி வருவேன்.]

நான் யார் என்று சொல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் படித்தவன். மீட்டர் காட்டும் எண்ணை அட்டையில் அப்படியே எழுதி, வீட்டுக்காரரிடம் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ஓர் இலக்கம் கூட்ட முடியாது, குறைக்க முடியாது. நாய்க்கடி மட்டும் ஏழு. [மூன்றரை. ஒரு நாய் கவ்வியது, கடிக்கவில்லை.] அவ்வளவு காலம் எண்களுக்குக் கைகட்டி நின்றவன் ஓய்வு பெற்றதும் என்ன செய்வான்? கயிற்றை அவிழ்த்து எண்களை மேயவிட்டேன். அவை நன்றாகக் கொழுத்தன.

அதனால் எங்கள் குடும்பத்தில் ஒரு சட்டம் உண்டு: இவன் எந்த எண் சொன்னாலும் பாதியாக்கிக்கொள். அக்காதான் சட்டம் இயற்றியவள். நான் எழுதும் கதைகளுக்கு முதல் வாசகியும் அவள்தான். பென்சிலோடு படிப்பாள். எண் வந்த இடமெல்லாம் அடித்து, மேலே பாதியை எழுதுவாள். நூறு யானை ஐம்பதாகும். ஒருமுறை 'ஒரு நிலா' என்று எழுதியிருந்தேன், 'அரை நிலா' என்று திருத்தியிருந்தாள். பார்த்தால் கதைக்கு அதுதான் பொருந்தியது.

சைக்கிள் பைத்தியம் முழங்கால் வலியில் தொடங்கியது. வலிக்குத் தைலம் வாங்கப் போனவன், நடுவில் மோட்டார் வைத்த பின்சக்கரம் ஒன்றை வாங்கி வந்தேன். என் பழைய சைக்கிளின் சக்கரத்தைக் கழற்றி அதை மாட்டி, கம்பிகளை இணைத்து, கைப்பிடியை லேசாகத் திருகினேன். சைக்கிள் என்னைக் கேட்காமலே கிளம்பிவிட்டது. அறுபத்திரண்டு வயதில் முதுகில் யாரோ செல்லமாகக் கைவைத்துத் தள்ளியது போல இருந்தது. தெருமுனை வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே போனேன். திரும்பி வரும்போது அடுத்தவர் சைக்கிள்களை மாடு பிடிக்கிறவன் மாதிரி பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

அப்புறம் பழைய மடிக்கணினிகளின் பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் விரல் தடிமன் செல்களை எடுத்து, ஒவ்வொன்றையும் சோதித்து, எண் எழுதி, வரிசையாகப் படுக்க வைத்தேன். மனைவி ஒரு நாள் படுக்கையறை வாசலில் தலையணையோடு நின்று கேட்டாள்:

"கட்டில் மேல இருநூறு பேட்டரி. நான் எங்க படுக்கிறது? பிளஸ் பக்கமா, மைனஸ் பக்கமா?"

"நடுவுல படு. அங்கதான் ஷாக் அடிக்காது."

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து அங்கதான் கிடக்கேன்."

இந்த இடத்தில் நீங்கள் சிரித்தால் எனக்குச் சந்தோஷம். இதற்குப் பிறகு அதிகம் இல்லை.

3

அத்தானை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. முதல் வரைவில் அவர் மிகவும் நல்லவராக வந்துவிட்டார். நல்லவர்கள் கதையில் ஒட்டமாட்டார்கள், தண்ணீரில் எண்ணெய் மாதிரி மிதப்பார்கள். எனவே அவருடைய குற்றம் ஒன்றையும் பதிவு செய்கிறேன்: கேரம் ஆடும்போது முழங்கையால் காயை நகர்த்துவார். கேட்டால், "காத்து அடிச்சுது" என்பார். மின்விசிறி ஓடாத அறையில்.

நீரேற்று நிலையத்தில் பம்ப் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு கிலோ. இதயக் குழாயில் இரண்டு ஸ்டென்ட். சமதளத்தில் சைக்கிள் ஓட்டலாம், மேட்டில் மட்டும் மிதிக்கக் கூடாது, பாரம் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த 'கூடாது'க்காகத்தான் அவருக்கென்று ஐந்தாவது சைக்கிளைச் செய்தேன். மேட்டில் மோட்டார் இழுக்கும், அவர் ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கலாம்.

குடும்பத்தில் என்னைப் பாதியாக்காத ஒரே மனிதர் அவர். சைக்கிளைக் கொடுத்த அன்று அவர்கள் வீட்டு வாசலில் நடந்த பேச்சு இது. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

"ஒரு தடவை சார்ஜ் பண்ணா எவ்வளவு போகும் மச்சான்?"

"அறுபது கிலோமீட்டர் அத்தான்."

"அறுபதுன்னா அறுபதா?"

"அதுக்கு மேல போனா என்கிட்ட சண்டைக்கு வராதீங்க."

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "முப்பதுன்னு எடுத்துக்கோங்க."

"நீ சும்மா இரு. அவன் மீட்டர் படிச்ச ஆளு. எண்ணுல பொய் சொல்ல மாட்டான்."

4

அறுபது எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். சைக்கிள் செய்கிற எங்களுக்குள் இது ஒரு வியாதி. யாரைக் கேட்டாலும் தன் வண்டி போன தூரத்தைச் சொல்லமாட்டார், போக வேண்டிய தூரத்தைச் சொல்வார். நான் அந்தச் சைக்கிளைச் சோதித்த நாளில் காற்று முதுகில் அடித்தது. என் எடை ஐம்பத்து நான்கு. போதாததற்குப் பாதித் தூரம் நானே மிதித்தேன். நாற்பத்து நான்கு கிலோமீட்டர் வந்தது. நாற்பத்து நான்கு என்பது பார்க்க நோஞ்சானாக இருந்ததால் ஐம்பது என்றேன். ஐம்பது கஞ்சத்தனமாகப் பட்டதால் அறுபது.

ஒரு மாதம் அத்தான் கடைத்தெருவுக்கும் நூலகத்துக்கும் மட்டும் போய் வந்தார். பிறகு ஒரு காலையில், தன்னோடு பம்ப் ஓட்டிய நண்பரைப் பார்க்க நீர்த்தேக்கத்துக்குக் கிளம்பினார். போக இருபத்தாறு, வர இருபத்தாறு. அறுபதை நம்பினால் எட்டு மிச்சம். இருந்தாலும் எதற்கும் இருக்கட்டும் என்று சார்ஜரைப் பையில் வைத்துக்கொண்டார். பம்ப் ஓட்டியவர்கள் அப்படித்தான்.

திரும்பும்போது ஐந்தரை கிலோமீட்டர் கூட வரவில்லை. பேட்டரி நின்றது. நின்ற இடம் பாலத்துக்கு ஏறும் மேடு. மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்து அந்தச் சைக்கிள் முப்பத்து நான்கு கிலோ. நண்பகல் வெயிலில் அதைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவர்தான் பார்த்தது. அத்தான் பாலத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சைக்கிள் பக்கத்தில், ஸ்டாண்டு போட்டு, பூட்டி. சாவி பையில். சட்டை முழுக்க நனைந்திருந்தது, கையில் மட்டும் இஸ்திரிக் கோடு கலையாமல் இருந்தது.

நான் இதை உயர்வு நவிற்சியாக எழுதிப் பார்த்தேன். வரவில்லை.

சைக்கிள் என்னிடம் திரும்பி வந்தது. அதன் ஹேண்டில்பாரில் நான் பொருத்திய சின்ன மீட்டர், பேட்டரி செத்தாலும் கடைசிப் பயணத்தை மறக்காது. முதல் வாரத்திலேயே அதற்கு வேறு பேட்டரியிலிருந்து உயிர் கொடுத்துப் படித்தேன். கிளம்பும்போது இருந்த மின்னழுத்தம்: 54.6. அந்தப் பேட்டரி கொள்ளும் உச்சமே அவ்வளவுதான். அதாவது நிறைகுடம். சார்ஜரில் எரிந்தது பச்சை. ஓடிய தூரம்: 31.4.

அக்கா பிளக்கைக் காட்டிப் பேசியது அதற்கு ஒரு வாரம் கழித்து. காபி குடிக்கிறாயா என்று கேட்டபோது எனக்கு எல்லாம் தெரியும்.

இன்னொன்றும் கவனியுங்கள். அறுபதில் பாதி முப்பது. குடும்பச் சட்டம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூடத் தப்பவில்லை.

அதற்குப் பிறகு அக்கா எந்தப் பிளக்கையும் பிடுங்குவதில்லை. போன் சார்ஜர், மிக்ஸி, டிவி எல்லாம் சொருகியபடியே இருக்கின்றன. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எனக்குப் போன் செய்கிறாள். "டேய், இதை எடுக்கலாமாடா?" தலையணை உறைக்குக்கூட இஸ்திரி போட்டவள், கசங்கிய புடவையோடு வாசலில் நிற்கிறாள்.

5

வேறு குற்றவாளியைத் தேடாமல் இல்லை. கதையில் அதற்கெல்லாம் இடம் உண்டே.

முடிவு (அ): பழைய பேட்டரி விற்ற கடைக்காரர் செத்த செல்களைத் தலையில் கட்டிவிட்டார். இதை இரண்டு பக்கம் எழுதினேன். அவருக்கு ஒரு தங்கப் பல்லும் கொடுத்தேன். ஆனால் உண்மையில் அந்த மனிதர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்: "அண்ணே, எல்லாம் பழசு. எழுதியிருக்கிறதை நம்பாதீங்க, பாதின்னு வச்சுக்கோங்க." என்னைத் தெரியாதவர்களுக்குக்கூடச் சட்டம் தெரிந்திருக்கிறது. தங்கப் பல்லைப் பிடுங்கிவிட்டேன்.

முடிவு (ஆ): அத்தான் ஊர் சுற்றினார், வழி மாறினார். இருபத்தாறோடு 5.4 கூட்டினால் 31.4. ஒரு சந்துகூடத் திரும்பவில்லை.

முடிவு (இ): அத்தான் மூன்று மணிக்கு வீடு வந்து சேர்கிறார். நண்பர் வீட்டுக் காபியைத் திட்டுகிறார். சாயங்காலம் கேரமில் காயை நகர்த்துகிறார். இதைத்தான் அதிகம் எழுதினேன், ஐம்பது தடவை. [பாதியாக்க வேண்டாம். கூடுதலாகவே இருக்கும்.] இந்த முடிவுக்கு நான் மூன்றே வார்த்தை மாற்றிப் பேசியிருந்தால் போதும். எங்கே என்று கேட்டால், இரண்டாம் பகுதியில் கிடக்கும் அந்த வாக்கியத்தில்.

6

காலை பதினொன்று நாற்பதுக்கு ஒரு போன் வந்தது.

"மச்சான், நண்பன் வீட்டு வாசல்ல நிக்கிறேன். அஞ்சு கோட்டுல ஒரு கோடுதான் காட்டுது. சார்ஜர் கையில இருக்கு. இங்கயே ரெண்டு மணி நேரம் போட்டுட்டு வரவா? இவனும் சாப்பிட்டுட்டு போன்னு சொல்றான்."

ஆறாவது சைக்கிளின் மோட்டார்க் கம்பியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியிருந்தேன்.

"அந்தக் கோடெல்லாம் பொய் சொல்லும் அத்தான். நான் சொல்றேன்ல, வந்துடும். கிளம்புங்க."

"நீ சொன்னா சரி."

நாற்பத்தொரு வினாடி. நாங்கள் இருவரும் ஒரு நாளைக்கு நாலு தடவை பேசுவோம், அதனால் அந்தப் போன் யாருக்கும் உறுத்தவில்லை.

ஈயம் உருகிக்கொண்டிருந்ததால் யோசிக்கவில்லை என்று எழுதி, அடித்துவிட்டேன். நாலு கோட்டில் இருபத்தாறு போனால் ஐந்தாவது கோட்டில் எவ்வளவு போகும் என்று முப்பத்தொரு வருடம் எண் எழுதியவனுக்குத் தெரியாதா? அந்தக் கணக்கு ஈயம் ஒரு சொட்டு விழுவதற்குள் என் தலையில் முடிந்திருந்தது. 'சரி, போட்டுட்டு வாங்க' என்றால் அறுபது பொய்யாகிவிடும். குடும்பத்தில் என்னை முழுசாக நம்பிய ஒரே ஆளும் அன்று முதல் பாதியாக்க ஆரம்பித்துவிடுவார். அதனால் கிளம்புங்க என்றேன்.

இதுதான் அந்த வாக்கியம்.

7

நேற்று அக்கா போன் செய்தாள்.

"கதை எழுதுறியாமே. உன் பொண்டாட்டி சொன்னா. எவ்வளவு பக்கம்?"

"நூறு பக்கம்க்கா."

"அப்ப அம்பது. நாளைக்கு மத்தியானம் வரேன், குடு. பென்சிலைச் சீவி வச்சுட்டேன். அவர் போனப்புறம் நான் எதுவும் படிக்கலடா. சிரிக்கிற மாதிரி இருக்குமா?"

"முதல் ரெண்டு பக்கம் இருக்கும்."

வாசகரே, நீங்கள் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். போக வேண்டாம், சாட்சிக்கு இருங்கள். இனிமேல் நான் அவளோடு பேச வேண்டும்.

அக்கா, இந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் பென்சிலைக் கீழே வை. மூன்றே எண்கள். இவற்றைப் பாதியாக்காதே. என்னை நம்பவும் வேண்டாம். பின்கட்டில் சைக்கிள் நிற்கிறது, மீட்டருக்கு உயிர் கொடுத்து வைத்திருக்கிறேன், குனிந்து நீயே படி. மூன்றாவது எண் அத்தானின் போனில் இருக்கிறது. நீ அதை அலமாரியில் வைத்த நாளிலிருந்து திறக்கவில்லை என்று தெரியும். திற.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதப்போவதில்லை. மீட்டர் படிக்கிறவன் வேலை எண்ணை எழுதுவதோடு முடிகிறது. கீழே அட்டை வைத்திருக்கிறேன். மறுப்பு என்று எழுதலாம், வேறு என்ன வேண்டுமானாலும் எழுதலாம். ஒன்றும் எழுதாமல் எழுந்து போய், இனி என் வாசலை மிதிக்காமலும் இருக்கலாம். எதுவானாலும், வீட்டுக்குப் போனதும் அந்த ஜன்னலுக்குக் கீழே பிளக்கில் சொருகியிருப்பதைப் பிடுங்கு. யாரையும் கேட்காதே.

பேனா பக்கத்திலேயே இருக்கிறது.

கிளம்பியபோது மின்னழுத்தம்: 54.6 (நிறைவு, பச்சை)
ஓடிய தூரம்: 31.4
போன் வந்த நேரம்: காலை 11.40
படித்தவர்: உன் தம்பி
வீட்டுக்காரர் கையெழுத்து: