ஆர்கன் பெட்டிக்குள் ஒரு புற்று

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. பஸ்ஸில், பின் சீட்டிலிருந்து எடுத்தது. எழுபத்தொன்பது, ஆவணி மாதம். சங்கரன்கோவிலிலிருந்து கரிவலம்வந்தநல்லூர் போகிற டவுன் பஸ்.

"ஏட்டி, மடத்துக் கோயில் பாட்டுப் பெட்டிக்குள்ள புத்து வளந்து கெடந்துச்சாம்லா."

"வெள்ளைக்காரன் பெட்டிக்குள்ளயா?"

"புத்துக்கு வெள்ளைக்காரன் என்ன, நம்மாளு என்ன?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்குக் கதை காது வழியாகத்தான் வரும். முகத்தைப் பார்த்தால் பேசுகிறவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். ஆகவே இந்த இருவருக்கும் முகம் கிடையாது. கதைக்குள் வருகிற மற்றவர்களுக்கு நான் போட்ட முகம்தான். பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்ளுங்கள்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "மேற்கே வெயில் சாய்கையில், கன்னியர் மடத்துக் கோயிலின் வெள்ளீயக் குழல்கள் பொன்னாக உருகி…"

அடித்துவிட்டேன். அதில் ஒருத்தரும் வாய் திறந்து பேசவில்லை.

அடுத்தது, ஆர்கன் வந்த வரலாறு. பெல்ஜியத்திலிருந்து கப்பலில் தூத்துக்குடி, அங்கிருந்து மாட்டுவண்டி, திருவேங்கடம் பக்கம் மழையில் வண்டிகள் கரிசலில் புதைந்து… மூன்று பக்கம் போனது. கிழித்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். ஆளுயரத்துக்கு இரண்டு பங்கு நீளமான பெரிய குழலுக்குள் சேறு போய்விட்டது. வெள்ளைக்காரச் சாமியார் எத்தனை தடவை கழுவியும் அது கடைசிவரை கரகரவென்றுதான் ஊதியது. வண்டிக்காரர் சொன்னாராம்: "இந்த ஊரு மண்ணு லேசுல விடாது சாமி."

[ஆர்கன் பார்த்திராதவர்களுக்கு: பின்னால் ஒரு ஆள் துருத்திக் கட்டையை அழுத்த வேண்டும். துருத்தி காற்றை வாங்கிக் கீழே காற்றுப் பெட்டிக்கு அனுப்பும். முன்னால் இருப்பவர் சுரக்கட்டையில் விரலை வைத்தால் குழல் ஊதும். மடத்தில் பின்கட்டையை அழுத்தியவள், கூட்டிப் பெருக்கும் இசக்கியம்மாள். "சிஸ்டர் விரலத்தான வைக்காவ, வாசிக்கது நாந்தான்" என்று தெருவில் சொல்லிக்கொண்டிருந்தாள்.]

3

விரலை வைத்தவர் சிஸ்டர் செலஸ்டின். சின்ன வயதில் தொண்டையில் ஆபரேஷன். அதிலிருந்து பேச்சு கரகரப்பு, பாட்டு அறவே இல்லை. மற்ற சிஸ்டர்கள் பாடும்போது இவர் வாயை மட்டும் அசைக்க வேண்டும் என்று உத்தரவு. ஆர்கன் முன்னால் உட்கார்ந்த அன்றைக்குத்தான் தனக்கும் ஒரு தொண்டை இருப்பது அவருக்குத் தெரிந்தது.

அந்தத் தொண்டை மூன்று வருஷமாக அடைத்துக் கிடந்தது. துருத்தித் தோலை எலி தின்றுவிட்டது. தலைமைச் சிஸ்டரான மதர் கணக்காகச் சொல்லிவிட்டார்: "மாதா திருநாளுக்கு ஊதணும். இல்லேன்னா கழட்டி எடைக்குப் போட்டுட்டு ஆர்மோனியம் வாங்கிருவோம்."

உச்சிமாகாளி ஆசாரி வந்து பின்பலகையைக் கழற்றினார். எட்டிப் பார்த்தார். பலகையை மெதுவாக, சத்தமில்லாமல், திரும்பச் சாத்தினார்.

"என்ன ஆசாரியாரே?"

"செருப்பக் கழட்டிட்டு வாரேன் சிஸ்டர்."

காற்றுப் பெட்டிக்குள் இடுப்புயரத்துக்குச் செம்மண் புற்று.

"கரையான் இருக்கா?"

"அது போயி காலமாச்சு. வெறும் வீடுதான்."

"அப்ப இடிங்க."

"சிஸ்டர், நான் கோமதியம்மன் ஊர்ல பொறந்தவன். புத்துல கை வைக்க மாட்டேன்."

"இது மாதா கோயில், ஆசாரியாரே."

"கோயில் ஒங்களுது. புத்து எங்களுதுல்லா."

பின்னால் இசக்கியம்மாள் ஏற்கெனவே புற்றில் தெளிக்க மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தாள்.

4

இங்கே எனக்குச் சிஸ்டர்மேல் சந்தேகம் வந்துவிட்டது. மூன்று பக்கமாகப் பொறுமையாகவே இருக்கிறார். யாருக்கு இத்தனை பொறுமை உண்டு? ஆகவே அவர் கையில் ஒரு கடப்பாரையைக் கொடுக்கிறேன்.

மதியம், மடம் தூங்குகிற நேரம். சிஸ்டர் கடப்பாரையை ஓங்கிவிட்டார்.

"ஐயையோ, என்ன சிஸ்டரு!" இசக்கியம்மாள் ஓடிவந்து குறுக்கே நின்றாள்.

"தள்ளு இசக்கி. எனக்குத் தொண்டை வேணும்."

"இடிக்கத்தான் கூடாது. எடுக்கலாம்லா? கோமதியம்மன் கோயில்ல புத்துமண்ண எடுத்துத்தான பிரசாதமாக் குடுக்காவ. ஆளுக்கு ஒரு சிட்டிகை எடுத்தா அது குத்தமா?"

சிஸ்டர் கடப்பாரையைக் கீழே வைத்தார். (கடப்பாரையைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன், அதன் வேலை முடிந்தது.)

கோமதியம்மனுக்கு ஆடித் தபசுத் திருவிழா நடந்த நேரம், கூட்டம் ஊர் கொள்ளாமல் இருந்தது. அவர்களை உள்ளே விட மதரிடம் அனுமதி கேட்க வேண்டும்.

"கும்பிட வாராங்களா, மண் அள்ள வாராங்களா?"

"மண் அள்ள, மதர்."

"அப்ப அது மராமத்து வேலை. வரட்டும்."

வந்தார்கள். பனவடலிசத்திரத்திலிருந்துகூட வந்தார்கள். வரிசை மடத்து வாசலைத் தாண்டி ரோட்டுக்குப் போனது. மாதாவுக்கு ஒரு கும்பிடு, புற்றுக்கு ஒரு கும்பிடு, ஒரு சிட்டிகை மண், நெற்றியில் கொஞ்சம், முந்தானையில் மிச்சம். ஐந்தாம் நாள் பெட்டிக்குள் துடைத்துவிட்டது போல இருந்தது.

5

[கதையை இங்கேயே முடிக்கச் சொன்னார்கள், படித்துப் பார்த்தவர்கள். நல்ல முடிவுதான். ஆனால் பின் சீட்டுக்காரி "அதுக்கப்புறம் கேளு கூத்த" என்றாள். நான் என்ன செய்ய?]

ஆசாரி புது ஆட்டுத்தோல் தைத்துத் துருத்தியை மாட்டினார். திருநாளுக்கு முந்தின நாள் காலை. இசக்கியம்மாள் கட்டையை அழுத்தினாள். சிஸ்டர் விரலை வைத்தார்.

புஸ்.

ஆசாரி பெட்டிக்குள் தலையை விட்டார். தலை வெளியே வர நேரமானது.

"அடிப்பலகை பிளந்துல்லா கெடக்கு. இத்தன நாளும் புத்துதான் அடச்சிருந்திருக்கு சிஸ்டர்."

"பலகையை மாத்துங்க."

"மாத்தணும்னா எல்லாக் குழலையும் எறக்கணும். ஒரு மாசம் ஆவும். நாளைக்குன்னா மண்ணு வச்சுத்தான் பூசணும்."

"கரிசல் மண்ணு?"

"காஞ்சா வெடிச்சிரும். கரையான் கொழச்ச மண்ணுதான் நிக்கும். அந்த மண்ணேதான்."

ஆனால் அந்த மண் ஊர் பூராவும் சிட்டிகை சிட்டிகையாக இருந்தது.

இசக்கியம்மாள் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்து முதல் சிட்டிகையைப் பலகைமேல் வைத்தாள். அரிசி புடைக்கிற சொளகு ஒன்றை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். கூடவே, வெயிலில், சிஸ்டர்.

"பிரசாதத்தத் திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீதாண்டி இசக்கி!"

"சிஸ்டருக்குத் தொண்ட கட்டியிருக்குக்கா. குடு."

6

முடிவு ஒன்று: சொளகு நிறைகிறது, ஆர்கன் முழங்குகிறது, மதர் கண்ணைத் துடைத்துக்கொள்… (வேண்டாம். மதர் அப்படிப்பட்டவர் இல்லை.)

முடிவு இரண்டு: மண் போதவில்லை. ஆர்மோனியம் வருகிறது. சிஸ்டர் வாயை மட்டும் அசைக்கிறார். (எழுதிப் பார்த்தேன். கை வரவில்லை.)

பஸ்ஸில் என் காதில் விழுந்தது இவ்வளவுதான்:

"நீ குடுத்தியாட்டி?"

"குடுக்காம? பாதியக் குடுத்தேன். பாதிய வச்சிக்கிட்டேன்."

"எல்லாரும் பாதிய வச்சிக்கிட்டா எப்படி ஊதும்?"

"எறங்கு, எறங்கு. கரிவலம் வந்துட்டு."

இறங்கும்போது, மண் கொடுத்தவள் எதையோ முனகிக்கொண்டு போனாள். அம்மன் பாட்டு இல்லை, சினிமாப் பாட்டும் இல்லை. கரகரவென்று, அடித்தொண்டையில், ஒரே இழுப்பு. மடத்துக் கோயிலில் கேட்டதாக இருக்கலாம். பஸ் கிளம்பிய உறுமலாகவும் இருக்கலாம்.

ஆகவே திருநாள் காலையோடு நிறுத்துகிறேன். பூசிய மண் காய்ந்திருக்கிறது. கோயில் நிறைய ஆள். முக்கால்வாசிப் பேர் நெற்றியில் மண். பெரிய குழலின் சுரக்கட்டைமேல் ஒரு விரல் நிற்கிறது. அது சிஸ்டருடையது என்று நினைத்துத்தான் எழுதினேன். இப்போது பார்த்தால், இதைப் படிக்கிற உங்களுடையது. பின்னாலிருந்து இசக்கியம்மாள் கத்துகிறாள்:

"அங்கன என்ன யோசன? காத்து ஏறிட்டு, எனக்குக் கை வலிக்கி. அமுக்குங்க!"