பொய்க்கு எதற்கு மை

1984இல் மருத்துவ நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது நெல்லித்தோப்பில் என்னை மிஞ்ச ஆளில்லை. இதை நானே சொல்லிக்கொள்வதுதான் வழக்கம். மில் வேலை போய், சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்த அப்பா எனக்குத் தந்தது ஒரே ஒரு வாய்ப்பு. இடம் கிடைத்தால் டாக்டர். கிடைக்காவிட்டால் தவளக்குப்பத்தில் அத்தையின் துணிக்கடையில் புடவை மடிக்க வேண்டும். அத்தை நல்லவள்தான். ஆனால் புடவை மடிக்க நான் பிறக்கவில்லை.

எனக்குப் பயிற்சி வினா எழுதித் தந்தவள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லாமேரி. என்னோடு படித்தவள், அந்த ஆண்டே கன்னியர் மடத்தில் சேர இருந்தாள். செல் உயிரியல் பாடத்தை மடியில் வைத்துக்கொண்டு, கோயில் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் கேள்வியும் நான்கு விடைகளுமாக எழுதித் தள்ளுவாள். நான் பட்பட்டென்று டிக் அடிப்பேன். தாளுக்கு ஒன்றிரண்டுக்கு மேல் தப்பியதில்லை.

"மூளையாடி அது, மிஷினாடி?" என்பாள். நான் மறுத்ததில்லை.

ஒரு நாள் மாலை என் முழங்கை பட்டு டீ டம்ளர் கவிழ்ந்தது. தாளின் அடிப்பகுதி தவிர எங்கும் மை கரைந்து ஓடிவிட்டது. மிஞ்சியவை கடைசிக் கேள்வியின் விடைகள் மட்டும்: கரு, செல் சுவர், உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்துச் செல்லுக்குத் தரும் மைட்டோகாண்ட்ரியா, ரைபோசோம்.

"மூணாவது," என்றேன்.

"கரெக்ட்டு," என்றவள் தாளை உற்றுப் பார்த்தாள். "கேள்வியே இல்லியேடி தனக்கொடி. எப்டி சொன்ன?"

ஒரு கணம் நான் மகாமேதை என்றே நினைத்தேன். அடுத்த கணம் சந்தேகம் வந்தது. பழைய தாள்களை எல்லாம் இழுத்துப் பரப்பினேன். எல்லாவற்றிலும் சரியான விடைதான் நீளம். தப்பான விடைகள் ஒரு சொல், மிஞ்சினால் இரண்டு. இத்தனை நாளும் நான் பாடத்தைப் படிக்கவில்லை, நீளத்தைப் படித்திருக்கிறேன்.

"இன்னாடி இது?" என்று கத்தினேன்.

"மாதா கோயில் ஞானோபதேச கிளாஸ்ல பதில முழுசா சொல்லணும்னு அடிச்சி சொல்லிக் குடுத்தாங்க. அதான் நெசத்த முழுசா எழுதுறேன். பொய்க்கு எதுக்குடி மை?"

தேர்வுக்கு ஒரு மாதம்கூட இல்லை. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

"இனிமே பொய்ய நீட்டி எழுது. நான் நம்புற மாரி எழுது."

"மடத்துக்குப் போறவளப் பொய் எழுதச் சொல்றியே, நல்லா இருப்பியா?"

முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். முதல் தாளில் நான் பாதிகூடத் தேறவில்லை. ரைபோசோமின் வேலை என்ன என்ற கேள்விக்கு, 'தேய்ந்துபோன பாகங்களையும் உள்ளே நுழையும் கிருமிகளையும் நொதிகளால் செரித்து அழிப்பது' என்று நீட்டி முழக்கியிருந்ததை டிக் அடித்தேன். 'புரதம் தயாரிப்பது' என்று மூலையில் கிடந்ததுதான் சரி.

"நீ போட்டது லைசோசோம் செய்யற வேல. அதுவும் நெசந்தான், எடத்த மாத்தி வெச்சேன். இது பொய்யில சேருமான்னு கோயில் சாமியாரத்தான் கேக்கணும்."

அழுதேன். அழுது முடித்துப் பாடத்தை முதல் பக்கத்திலிருந்து பிடித்தேன். விடைகளை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, பதிலை வாய்விட்டுச் சொன்ன பிறகே கையை எடுப்பேன். ஸ்டெல்லாமேரியும் சளைக்கவில்லை. போகப்போக, பொய் எழுதுவதில் அவளுக்குக் கை நன்றாகவே தேறிவிட்டது.

தேர்வில் ரைபோசோம் வந்தது. இடது கையால் விடைகளை மூடி, புரதம் என்று மனசுக்குள் சொன்னேன். கையை எடுத்தால், லைசோசோமின் வேலையை யாரோ அழகாக நீட்டி எழுதி வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேற்பார்வையாளர் முறைத்தார்.

இடம் கிடைத்தது. செய்தி வந்ததும் நேராக மடத்துக்கு ஓடினேன். ஸ்டெல்லாமேரி வெள்ளை உடையில் வந்து நின்றாள்.

"எத்தினி பொய்யில மாட்டுன?"

"ஒண்ணுலயும் மாட்டல. சீட்டு கெடச்சிட்டுது."

என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் கண் கலங்கியது.

"பாவசங்கீர்த்தனத்துல சாமியார்ட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி," என்றாள். "பொய் எழுதுனதுக்கு வருந்தி மனஸ்தாபப்படுறியாம்மான்னு கேட்டாரு. ரிசல்ட்டு வரட்டும் சாமி, பாத்துட்டு சொல்றேன்னுட்டேன்."