முனிரத்தினம் பதில் போடவில்லை

பர்மாப் போரிலிருந்து எழுத்தாளர் நீலமேகம் மனைவிக்கு எழுதிய கடிதங்களிலெல்லாம் ஒரே புலம்பல்: "முனிரத்தினம் பதிலே போடுவதில்லை." அந்த நண்பனைத் தேடி அலைந்ததில், கடிதங்களைத் தொகுக்கும் பிரின்சிக்குக் கால் வீங்கிவிட்டது. நன்றிகெட்டவன் என்றே முன்னுரையில் எழுதி முடித்துவிடலாமென்று இருந்தாள்.

கடைசியில் புதுவாயலில் முனிரத்தினத்தின் மகள் முத்தம்மாள் கிடைத்தாள். டிரங்குப் பெட்டியிலிருந்து, நீலமேகம் தன் அப்பாவுக்கு எழுதிய பதினேழு கடிதங்களை எடுத்து வைத்தாள். பட்டாளத் தணிக்கைக்காரன் ஒட்டியனுப்பிய ஒட்டு ஒன்றில்கூடப் பிரியவில்லை.

"ஒண்ணுகூடவாம்மா படிக்கல?" எரிச்சலை மறைக்கவும் பிரின்சிக்குத் தெம்பில்லை.

"என் கடுதாசிய வேற யாருக்கும் காட்டாதடான்னு நீலமேகம் சொல்லிட்டுப் போனாராம். எங்க நைனாவுக்கு எழுத்து தெரியாது, அத சிநேகிதன்கிட்ட சொல்ல வெக்கம். கத்துக்கினு நானே படிக்கிறேன்னு சொல்லிக்கினே இருந்தாரு."

"கத்துக்கினாரா?"

முத்தம்மாள் மேலே இருந்த உறையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் பென்சிலில், கோணல்மாணலாக, 'நீலமேகம்' என்று மட்டும் இருந்தது.