பழகாத கை

1

இந்தக் கதையைச் சிங்கப்பூர் தேக்கா சந்தையின் கோழிக்கடை வரிசையில் திருடினேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "அண்ணே, தோல் மட்டும் குடுங்க, கறி வேணாம்லா" என்றாள். கதை எழுதுகிறவனுக்கு இது போதாதா? வாயைக் கிளறினேன்.

பெயர் நிவேதிதா. பொறியாளர். வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியாகவே இரைப்பைக்குள் போய், கட்டியை உரித்தெடுக்கும் வளையும் கருவி ஒன்றை உருவாக்குகிறாள். கோழித்தோலில்தான் ஒத்திகை.

2

புக்கிட் பாஞ்சாங்கில் மழை வெளுத்து வாங்கிய காலையில், நிவேதிதா கனத்த மனத்துடன்... (வேண்டாம். மழையில்லாத சிங்கப்பூர்க் கதை ஒன்றாவது இருக்கட்டும்.)

போன வாரம், கருவியை நோயாளிகளிடம் பயன்படுத்தப்போகும் டாக்டர் இல்ஹாம் அதைப் பார்க்க வந்தார். அவர் தலையாட்டினால் அடுத்த கட்டம். இல்லையென்றால் திட்டத்துக்கு மூடுவிழா. நிவேதிதா செய்துகாட்டியபோது தோல் அழகாக உரிந்தது. இல்ஹாம் கைப்பிடியை இழுத்தார். நுனி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். துள்ளிப் பாய்ந்து தோலைக் கிழித்தது.

"என்னம்மா, சொன்னா கேக்க மாட்டேங்குது, அப்புறம் ஒரேயடியா ஜம்ப் பண்ணுது!"

"எனக்கு ஒழுங்கா வருதே, டாக்டர்!"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. குழாய் வளைந்தால் உள்ளே ஓடும் கம்பி தொய்கிறது. அந்தத் தொய்வுக்கும் சேர்த்து இழுக்க அவள் விரல்கள் தாமாகவே பழகிவிட்டிருந்தன. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

3

(இங்கே அவளை அழவைத்திருந்தேன். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் அந்த ரகமில்லை.)

"அடுத்த வெள்ளி இன்னொரு சான்ஸ் குடுங்க. அதுவரைக்கும் இதைத் தொடாதீங்க டாக்டர், உங்க கையும் பழகிடும்!"

இல்ஹாம் சிரித்துவிட்டார். "சரி, தொழுகை முடிச்சிட்டு வர்றேன்."

குழாய் எப்படி வளைந்தாலும் தொய்வைத் தானே இழுத்துக்கொள்ளும்படி கைப்பிடியை மாற்றினாள். பிறகு கருவியைத் தொடாத கைகளைத் தேடினாள். ஓர் ஆளுக்கு ஒரே முறைதான். அலுவலகத்தில் ஆள் தீர்ந்துபோயிற்று. இதையெல்லாம் சொல்லிவிட்டு, கோழிக்கடை வரிசையிலேயே என் கையைப் பார்த்தாள்.

"அங்கிள், உங்க கை ஃப்ரீயா?"

4

போனேன். இழுத்தேன். நான் அசைத்த அளவுக்கே நுனியும் அசைந்தது. தோல் கிழியவில்லை. அவள் என்னைப் பார்க்கவில்லை, தோலைப் பார்த்துச் சிரித்தாள். என் வயிற்றில் ஒரு சாண் நீளத் தழும்பு இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் இல்ஹாம் தலையாட்டுகிறார். எனக்கு ஒழுங்காகத்தான் வருகிறது. அதுதான் சந்தேகமாக இருக்கிறது. கதை எழுதி எழுதி என் கை பழகிவிட்டது.

உங்கள் கை இன்னும் இதைத் தொடவில்லை. இந்தாருங்கள் கைப்பிடி. இல்ஹாம் கதவைத் திறக்கிறார். ஒரே முறைதான், மெதுவாக இழுங்கள்.